பன்றிக்கும் ஒரு கூறு

‘மார்கழி, செவ்வாய். மாட்டு டாக்டர் வந்து போனார். குழி வெட்டியாயிற்று. பன்றிக்கும் ஒரு கூறு என்று தீர்ப்பு.’

என் பழைய சட்டைப்பை நாட்குறிப்பில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான். ஆண்டு அச்சிட்டிருந்த அட்டையைக் கறையான் தின்றுவிட்டது. எழுபதுகளின் முற்பாதி என்பதில் ஐயமில்லை. அப்போதுதான் நான் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு சிற்றூரில், ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தேன். எந்த ஆண்டு என்பதற்கு இரண்டு வேட்பாளர்கள் நிற்கிறார்கள். ஒன்றுக்கு அந்த வருடத்து மழை சாட்சி, மற்றதற்கு என் மாறுதல் உத்தரவு சாட்சி. இரண்டும் ஒன்றையொன்று பொய்யென்கின்றன. அது கிடக்கட்டும். தீர்ப்புச் சொன்னவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அவரை ஊரில் கூறுகாரர் என்பார்கள். பெயர் ஒன்று இருந்தது. அவர் மனைவி அதைச் சொல்ல மாட்டார், ஊருக்கு அது தேவைப்படவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து இரண்டு குழித்தறிகளோடு வந்து குடியேறிய நெசவுக்காரர். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல்படி தாண்டினால் தமிழ். குழிக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு லேசாக வளைந்திருக்கும். துண்டைச் சரிபாதியாக மடித்து, இரண்டு முனையும் ஒரே நீளத்தில் தொங்கும்படி தோளில் போடுவார். தெருவில் நடக்கும்போதும் இந்தப் பக்கத்து வீட்டுக்கும் அந்தப் பக்கத்து வீட்டுக்கும் மனத்தாங்கல் வராதபடி நட்ட நடுவில்தான் நடப்பார் என்று கேலி பேசுவார்கள். நான் கவனித்துப் பார்த்தேன். உண்மைதான்.

எதையும் சமமாகப் பிரிக்காமல் அவரால் இருக்க முடியாது. இதை ஒரு குணம் என்பதா, வியாதி என்பதா என்று அவர் மனைவிக்கே சந்தேகம் இருந்தது. ஒருமுறை என்னிடம் சொன்னார்: “சார், இவருக்குத் தலைவலி வந்தாக்கூட எனக்குப் பாதி குடுக்கப் பாப்பாரு. சண்டை போட்டா, பாதித் தப்பு என்மேல, பாதி உன்மேலங்கிறாரு. முழுத் தப்பும் இவரு மேல இருக்கறப்பவும் அதே கணக்குத்தான்.”

உள்ளே தறி ஓசை நின்றது. “முழுத் தப்புன்னு ஒண்ணு உலகத்துல கெடையாது,” என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. பிறகு தறி ஓடியது.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரே ஒரு வேப்பமரம். சித்திரை வெயிலில் அதன் நிழலுக்கு இவர்தான் அதிகாரி. “தம்பி, நீ வந்து ரொம்ப நேரமாச்சு. கொஞ்சம் வெளிய நில்லு, அந்தத் தாயி உள்ள வரட்டும்,” என்பார். யாரும் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் நகர்ந்துவிடுவார்கள். பஸ்ஸுக்குள் இருவர் உட்காரும் இடத்துக்கு மூவர் இருந்தால், எந்தெந்த நிறுத்தம் வரை யார் யார் நிற்பது என்று பிரித்துச் சொல்லிவிட்டு, முதல் முறையைத் தானே எடுத்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் கண்டக்டர் அவரைப் பார்த்ததும், “ஐயா, எஞ்சீட்டு ஒண்ணுதான் இருக்கு. அதையும் பங்கு போட்டுறாதீக,” என்றார். கூறுகாரர் அந்த சீட்டை அளவெடுப்பது போலப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது.

ஏன் இப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான். “பாவு விரிக்கறப்பப் பாத்திருக்கீங்களா சார்? தெரு நீளத்துக்கு நூலு. அதுல ஒரு இழை தொஞ்சாப் போதும், சேலையே கோணிக்கும்.”

இந்தக் கண்ணைத்தான் ஊர் பயன்படுத்திக்கொண்டது. கண்மாய்க்குள் மண்டிக்கிடந்த சீமைக் கருவேலங்காட்டில் காட்டுப் பன்றிகள் இருந்தன. கதிர் பிடிக்கும் காலத்தில் சோளத்துக்குள் இறங்கும். வலை கட்டி, நாய்களை விட்டு விரட்டிப் பிடிப்பார்கள். பிடித்த பன்றியைக் கூறு போடும்போது சண்டை வரும். ஒரு சண்டையில் மண்டை உடைந்த பிறகு, கறியே தின்னாத ஒருவர் கூறு சொன்னால்தான் சரிப்படும் என்று முடிவாயிற்று. கறி தின்னாத ஆள் ஊரிலேயே இவர் ஒருவர்தான்.

அதைப் பார்க்க வேண்டும். பனை ஓலைகளில் கறியைக் குவித்து வரிசையாக வைப்பார்கள். இவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மூங்கில் சிம்பு ஒன்றால் தொடாமலே சுட்டிக்காட்டுவார். “அதுல ஒரு துண்டு கூட. இதுல ஈரல் கொறையுது.” எல்லாம் சமமானதும் கூறுகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். வேட்டைத் தலைவன் கருப்பையா ஒரு குவியலைக் கம்பால் தட்டி, “இது யாருக்கு?” என்று கேட்பான். இவர் பார்க்காமலே ஒரு பெயர் சொல்வார். அடுத்தது. “இது யாருக்கு?” அடுத்த பெயர். வலை கொடுத்தவருக்கு ஒரு கூறு, பன்றி விழுந்த நிலத்துக்காரருக்கு ஒரு கூறு, நாய்க்கு ஒரு கூறு. நாய் கருப்பையாவுடையது என்பதால் அவன் வீட்டுக்கு இரண்டு போகும். பங்கு சொல்பவருக்கு மட்டும் பங்கு கிடையாது.

முத்துராக்குவுக்குக் கூறு வந்ததும் இவரால்தான். ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் பன்றி வளர்த்துப் பிழைத்தவள். புருசன் இல்லை. வலைக்கு ஆள் குறைந்த ஒருநாள் அவள் வந்து ஒரு முனையைப் பிடித்தாள். அன்று இவர் அவள் பெயரைச் சொன்னதும் கருப்பையா கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“பன்னி வளக்குறவளுக்கு எதுக்குய்யா பன்னிக்கறி?”

“நீ பருத்தி வெதைக்கிற,” என்றார் இவர், திரும்பாமலே. “வேட்டி கட்டலயா?”

அதன்பிறகு ஒவ்வொரு வேட்டையிலும் அவளுக்கு ஒரு கூறு உண்டு.

அந்த மார்கழியில் ஒரு பெரிய ஆண் பன்றி கிடைத்தது. வேட்டை என்றே சொல்ல முடியாது. கண்மாய்த் தண்ணீரில் பாதி உடம்பு முங்க நின்றுகொண்டிருந்தது. நாய்கள் வந்தும் ஓடவில்லை. பின்னங்கால் பின்னியது. “என்னயப் பாத்ததும் நடுங்கிருச்சுல்ல,” என்று கருப்பையா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இருபத்து மூன்று கூறு விழுந்தது. பாதிக்கு மேல் ஊரிலேயே தங்கவில்லை. கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் கறி அனுப்புவது அங்கே மரியாதை. தூக்குவாளிகளில் அது நாலு திசைக்கும் பஸ் ஏறிப் போயிற்று.

இரண்டு வாரத்துக்குள் கருவேலங்காட்டிலிருந்து நாற்றம் வந்தது. போய்ப் பார்த்தால் குட்டியும் தாயுமாகச் செத்துக் கிடக்கின்றன. அதே வாரத்தில் முத்துராக்குவின் பன்றிகள் தீனி எடுக்கவில்லை. காதுமடல் நாவல்பழ நிறத்துக்கு மாறியது. நடந்தால் பின்பக்கம் சாய்ந்தன.

திருச்சுழியிலிருந்து மாட்டு டாக்டர் சைக்கிளில் வந்தார். இளவயது. நிதானமாகப் பேசுவார். பட்டியைப் பார்த்தார், காட்டுக்குள் போய்ப் பார்த்தார், கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலில் ஊரைக் கூட்டினார்.

“இது பன்னிக் காய்ச்சல். மனுசருக்கு வராது,” என்றார்.

கூட்டத்தில் மூச்சு வந்தது. அதுவரை வயிற்றைத் தடவிக்கொண்டிருந்த கருப்பையா கையை எடுத்தான்.

“ஆனா பன்னிக்குப் பன்னி தீயாப் பரவும். நோயான பன்னியோட கறித்துண்டு ஒண்ணு, அதக் கழுவுன தண்ணி, ஒரு எலும்பு போதும், இன்னொரு ஊர்ப் பன்னி செத்துப்போக. அன்னைக்கு அடிச்ச பன்னியோட கறி எங்கெங்க போச்சு?”

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. கூறுகாரர் எழுந்து நின்றார். நெற்றியைத் தேய்த்தார்.

“டாக்டரய்யா, கோவிச்சுக்காதீக. நேருக்கு நேர் நின்னா எனக்கு ஞாபகம் வராது.” டாக்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். “கருப்பையா, கேளு.”

கருப்பையா தரையைக் கம்பால் தட்டினான். “இது யாருக்கு?”

பெயர் வந்தது. தட்டினான், பெயர் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டுக்காரர்கள் எழுந்து, தின்றோம், மகளுக்குக் கொடுத்தோம், தங்கச்சி ஊருக்கு அனுப்பினோம் என்று சொன்னார்கள். நான் எழுதிக்கொண்டேன். “இது யாருக்கு?” என்று கருப்பையா ஒருமுறை தட்டியபோது, “முத்துராக்கு,” என்று சொல்லிவிட்டு இவர் நிறுத்திவிட்டார். வளைந்த முதுகு இன்னும் கொஞ்சம் வளைந்தது.

முத்துராக்கு கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். “கறியக் கழுவுன தண்ணியத்தான் தொட்டியில ஊத்துனேன். சவ்வு, தோலு எல்லாம் போட்டேன். நல்ல தீனின்னு நெனச்சேன்,” என்றாள்.

டாக்டர் அவளைப் பார்க்காமல் சொன்னார். பட்டியில் இருக்கிற எல்லாப் பன்றியையும் கொன்று, ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். இன்னும் நோய் தெரியாமல் நிற்கிற செவலைப் பெட்டையும்தான். அது சினையாக இருந்தது.

குழி வெட்ட ஆட்கள் போனபோது அவள் பட்டி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கூறுகாரரை மட்டும் பார்த்தாள்.

“ஐயா, நானாக் கூறு கேட்டு வந்தனா? நீங்கதான் பேரு சொன்னீக. கறி வந்தப்ப இருபத்துமூணு பேரு. நட்டம் வந்தா நான் ஒருத்தியா?”

“அதுக்கு அவுக என்ன செய்வாக? விடு தாயி,” என்றார் யாரோ.

“நான் அவுகளத்தான் கேக்கேன். நட்டத்துக்குக் கூறு சொல்ல ஆளு வேற யாரும் இருக்காகளா?”

கூறுகாரர் துண்டை எடுத்து உதறினார், மடித்தார், மறுபடி தோளில் போட்டார். இரண்டு முனையும் சமமாகத் தொங்கவில்லை என்பதை நான் பார்த்தேன். அவரை அப்படி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பிறகு திரும்பி எங்களுக்கு முதுகைக் காட்டினார்.

“ஏலே கருப்பையா. கேளு.”

“எதக் கேக்க?”

“நட்டம் கெடக்குல்ல, முன்னால. அதக் கேளு.”

அன்று கருப்பையா கம்பைத் தட்டியது சத்தமே இல்லாமல் இருந்தது. குழி வெட்டுவது யாருக்கு, சுண்ணாம்பு கொண்டுவருவது யாருக்கு, காட்டில் செத்துக் கிடப்பவற்றை இழுத்து வந்து புதைப்பது யாருக்கு, பட்டியைக் கொளுத்திப் புதுப்பட்டி கட்டுவது யாருக்கு, முத்துராக்குவுக்கு மறுபடி பன்றி சேரும்வரை அறுப்புக்கு அறுப்பு அவளுக்குத் தானியம் அளப்பது யார் யாருக்கு. கூறு வாங்கிய எவரும் தப்பவில்லை.

“நாய்ப் பங்குக்குமா?” என்றான் கருப்பையா.

“நாய்ப் பங்குக்கும்தான்.”

“நாயி எப்படிய்யா குழி வெட்டும்?”

“கறிய எப்படித் தின்னுச்சோ அப்படி வெட்டட்டும்.”

ஊரே சிரித்தது. நாய்ப் பங்குக் கறி நாயின் வாய்க்குப் போனதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கருப்பையா இரண்டு ஆள் வேலை பார்த்தான்.

கடைசியில் இவர் தன் பெயரையும் சொன்னார். “நீங்க கறியே தொடலயே,” என்றேன் நான். “கூறு சொன்னது நான்தான சார்,” என்று சொல்லி, குழிக்குள் இறங்கிவிட்டார். குழியில் உட்கார்ந்து பழக்கமே தவிர வெட்டிப் பழக்கமில்லை. அவர் வெட்டிய பக்கம் மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. ஆழம் போதவில்லை. கருப்பையா திட்டிக்கொண்டே அதையும் வெட்டினான்.

முத்துராக்கு எழுந்து வழிவிட்டாள். செவலையின் காதைப் பிடித்து அவளே கூட்டிவந்தாள்.

டாக்டரின் வேலை அத்தோடு முடியவில்லை. காட்டில் மிஞ்சியிருக்கும் பன்றிகளைப் பற்றி அவர் சொன்னதுதான் ஊருக்குப் பிடிக்கவில்லை. வேட்டை கூடாது. வெடி கூடாது. நாய் விடக் கூடாது. “வெரட்டுனாச் செதறும். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கண்மாய்க்கு நோயச் சொமந்துட்டுப் போகும். அங்கேயே இருந்தா நோய் அங்கேயே அடங்கும்.”

“பசிச்சா வெளிய வரத்தான செய்யும்?” என்று கருப்பையா கேட்டான். “சோளம் கதிரு பிடிச்சு நிக்கி. வந்தாக் கும்பிட்டு உக்காரச் சொல்லவா?”

டாக்டர் யோசித்தார். அதற்குள் கூறுகாரர் பேசிவிட்டார். “கண்மாயை ஒட்டுன புஞ்சைக எத்தனையோ, அதுல ஒவ்வொண்ணுலயும் ஒரு கீத்துச் சோளத்த விட்டுருவோம். அறுக்க வேண்டாம், வெரட்ட வேண்டாம். அது பன்னிக் கூறு. புஞ்சை இல்லாதவுக கொறைஞ்சதுக்கு ஈடா அறுப்புக்குக் கூலியில்லாம வந்து கை குடுக்கட்டும்.”

காட்டுப் பன்றிக்குப் பங்கு என்பது அந்த ஊர் கேட்ட பேச்சில்லை.

“பன்னிக்கு எதுக்குக் கூறு?” என்றார் ஒரு பெரியவர்.

“நம்மளவிட அதுகளுக்குத்தான நட்டம் சாஸ்தி,” என்றார் இவர்.

டாக்டர் சிரித்தார். “நான் படிச்ச புஸ்தகத்துல இல்ல. ஆனா வயிறு நெறைஞ்சா நகராது. செஞ்சு பாருங்க,” என்றார். அன்றிரவு நான் எழுதிய பதிவுதான் முதலில் கண்டது.

மறுநாளிலிருந்து கறி போன ஊர்களுக்கு எச்சரிக்கை சொல்லக் கிளம்பினோம். வெள்ளைச்சட்டைக்காரர் ஒருவர் உடன் வந்தால் நல்லது என்று கூறுகாரர் என்னையும் கூட்டிக்கொண்டார். இதில் யாரும் எதிர்பாராத ஒரு சிக்கல். சம்பந்தி வீட்டில் போய், ‘நாங்கள் கொடுத்த கறியை என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் என்ன அர்த்தம் ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. ஒரு வீட்டில் மாமியார்க்காரி முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

“குடுத்த கறிக்குக் கணக்குக் கேக்க ரெண்டு பேரு வந்திருக்காகளா? திங்கறதுக்கு முன்னால சொல்லியிருந்தா நிறுத்து வச்சிருப்பம்ல.”

கூறுகாரர் பதறி, காய்ச்சல், கண்மாய், டாக்டர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அவள் தணிந்துவிட்டாள். எலும்பைக் கொட்டிய குப்பைமேட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். அந்த ஊரில் மேய்ந்த பன்றிகளை அன்றே பட்டியில் அடைத்தார்கள். குப்பைமேட்டைக் கொளுத்தினார்கள்.

இன்னொரு ஊரில், “கறியா? எங்க வீட்டுக்கு ஒண்ணும் வரலையே,” என்றாள் மகள்காரி. கொண்டுவந்திருக்க வேண்டியவன் அவள் உடன்பிறந்த அண்ணன். வழியிலேயே கூட்டாளிகளோடு சமைத்து முடித்திருக்கிறான். கூறுகாரருக்குச் செத்த பன்றிகளைவிட இது பெரிய அடி. பஸ்ஸில் திரும்பி இறங்கும்போது சொன்னார்: “நம்ம கூறு சரியாத்தான் சொன்னம் சார். ஆனா கூறு வாசல் வரைக்கும் போகல பாருங்க.”

பன்றிகளும் அவருடைய கோட்டை மதிக்கவில்லை. முதல் சில நாள் அவற்றுக்கென்று விட்ட கீற்றை அப்படியே நிறுத்திவிட்டு, பக்கத்துப் பாத்தியில் இறங்கின. அது கருப்பையாவின் புஞ்சை. அவன் தறிக்குழி வாசலில் வந்து நின்றான்.

“கூறுகாரரே, உங்க பங்காளி என் கூறுக்குள்ள வந்துட்டான்.”

“எத்தன பேரு வந்தாக?”

“என்னமோ விருந்துக்கு வந்த மாதிரிக் கேக்கீரு. ஒரு பொட்டையும் ரெண்டு குட்டியும்.”

“நல்லா நடக்குதுகளா?”

கருப்பையா தலையைச் சொறிந்தான். “நல்லாத்தான் ஓடுச்சுக.”

“அப்ப மூணு பொழைச்சுக் கெடக்கு,” என்றார் இவர். முகம் மலர்ந்துவிட்டது. கருப்பையாவின் நட்டத்தையும் அன்று மாலையே எல்லாருக்கும் பிரித்தார். அதன்பிறகு ஊரில் காட்டுப் பன்றிக்குக் கூறுகாரர் பங்காளி என்று பெயர் நின்றுவிட்டது.

மாசிக்குள் நாற்றம் அடங்கியது. கறி போன ஊர்களில் ஒரு பன்றிகூடச் சாகவில்லை என்று டாக்டர் வந்து சொன்னார். கூறு போட்டதால்தான் அடங்கியதா என்று அவரிடம் தனியாகக் கேட்டேன். “இருக்கலாம். சாக வேண்டியதெல்லாம் செத்துட்டதாலயும் அடங்கியிருக்கலாம். அவர்கிட்ட ரெண்டாவதச் சொல்லாதீங்க,” என்றார். சொல்லவில்லை.

அடுத்த வருடம் முத்துராக்குவுக்குத் தூரத்து ஊரிலிருந்து ஒரு பெட்டைக் குட்டி வந்தது. அது வளர்ந்து ஈன்றது. குட்டிகள் பால் மறந்ததும், செவலையான ஒன்றைத் தூக்கிக்கொண்டு நேராக நெசவுக்காரர் வீட்டு வாசலுக்கு வந்தாள். தெருவில் பாவு விரித்திருந்தார்கள். நான் நூல் தாங்கும் கவைக்கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

“ஐயா, இது உங்க கூறு.”

“எனக்கு ஏது தாயி கூறு? பங்கு சொல்றவனுக்குப் பங்கு கெடையாது.”

“கறிக்குத்தான் கெடையாது. நட்டத்துல உங்க பேரச் சொல்லி நீங்களே எறங்கலயா? நட்டத்துல உண்டுன்னா லாபத்துலயும் உண்டுல்ல. ஒரு இழை தொஞ்சா என்ன ஆகும்னு நீங்கதான சொல்லுவீக?”

வாசல்படியில் நின்ற மனைவி தெலுங்கில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது, அந்த வீட்டுக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்பது மட்டும்தான். கூறுகாரர் கையை நீட்டினார். இத்தனை வருடத்தில் பன்றி என்ற ஒன்றை அவர் தொட்டது அப்போதுதான். தன் தோள் துண்டால் அதைச் சுற்றி, குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார். குட்டி அலறியது. பாவின் ஓரமாக, நூல் எதுவும் அறுந்துவிடாதபடி, தெருவில் நடந்தார். முதல்முறையாக நடுவை விட்டு ஒரு ஓரமாக நடந்தார்.

கண்மாய் இருந்த திசையில்தான் போனார். பொழுது சாய்ந்து வெறுங்கையோடு வந்தார், தோளில் துண்டும் இல்லை. மனைவி கேட்டதற்கு, “அதது சேர வேண்டிய எடத்துல சேத்தாச்சு,” என்றாராம். ஈனும் குட்டியில் பாதி என்ற வாரக் கணக்கில் வளர்க்கச் சொல்லி முத்துராக்குவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பவர்கள் உண்டு. முத்துராக்கு அதை ஒத்துக்கொள்ளவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு, எனக்கு மாறுதல் வந்து ஊரைவிட்டுக் கிளம்பும் சமயம், கருப்பையா என்னை வேப்பமரத்தடியில் நிறுத்திச் சொன்னான். கருவேலங்காட்டில் ஒரு பெரிய கூட்டத்தைப் பார்த்தானாம். எல்லாம் கறுப்பு, நடுவில் ஒன்று மட்டும் செவலையாம். அதன் கழுத்தில், சரிபாதியாக மடித்துக் கட்டிய துண்டு மாதிரி ஏதோ கிழிந்து தொங்கியதாம். வலையை விரிக்காமல் திரும்பிவிட்டானாம்.

இதற்குச் சாட்சி கருப்பையா ஒருவன்தான். தன்னைப் பார்த்துப் பன்றி நடுங்கியது என்று சொன்னவனும் அவன்தான். எனவே இதை உறுதி செய்யப்படாத தகவல் என்றே குறித்துவைத்திருக்கிறேன்.